குழந்தை இருக்கிற வீட்டுக்குக் குட்டி நாயா?

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் நாய் வளர்க்கலாமா என்று பேச்சு எழுந்தால், இன்று நம் நகரங்களில் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது: "சின்னதா, முடி கொட்டாததா பார்த்து வாங்குங்க." சென்னை அண்ணா நகரிலும் இதே பதில், கோவை ஆர்.எஸ்.புரத்திலும் இதே பதில். நாய் விற்பவர் சொல்கிறார், மாடிவீட்டுக்காரர் சொல்கிறார், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். ஷிட்ஸு, மால்டீஸ், டாய் பூடில், லாசா ஆப்ஸோ என்று பெயர்களும் தயாராக இருக்கின்றன. நாய் சின்னதாக இருந்தால் குழந்தைக்கு ஆபத்தில்லை, முடி கொட்டாவிட்டால் குழந்தைக்கு வீசிங் வராது. இதில் எங்கே தவறு இருக்க முடியும் என்று தோன்றுவதாலேயே யாரும் இதை எதிர்த்துக் கேட்பதில்லை.

நான் இதை முழுவதுமாக மறுக்கிறேன். வீடிழந்த நாய்களுக்கு வீடு தேடித் தருபவர்களோடு பல வருடங்களாக இருப்பதால், இந்த அறிவுரை எங்கே போய் முடிகிறது என்பது எனக்குத் தெரியும். வாங்கிய சில மாதங்களிலேயே அந்தக் குட்டி நாய்கள் திரும்பி வருகின்றன. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி சடை பிடித்திருக்கும், அதற்கடியில் தோல் புண்ணாகியிருக்கும், குழந்தையின் குரல் கேட்டால் மேஜைக்கடியில் ஒடுங்கிக்கொள்ளும். "பாப்பாவைக் கடிச்சிடுச்சு" என்று ஒரு வரியில் காரணம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கடியை நோக்கி அந்த நாயை நாள்தோறும் தள்ளிக்கொண்டு போனவை, அதை வாங்கும்போது பெருமையாகச் சொல்லப்பட்ட அதே இரண்டு தகுதிகள்: சிறிய உடம்பு, உதிராத முடி.

முடியிலிருந்து தொடங்குகிறேன். நாய் முடியைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு பயங்கள் உண்டு. வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது என்பது ஒன்று, மூச்சுக்குள் போனால் வீசிங் வரும் என்பது இன்னொன்று. வயிற்றுக்குள் போகிற ஒன்றிரண்டு முடி மலத்தோடு வெளியேறிவிடும். பயப்பட வேண்டியது நாய்க்குட்டியின் குடலில் இருக்கும் உருண்டைப் புழுவுக்கு. அதன் முட்டைகள் நாயின் மலம் வழியாக மண்ணில் சேர்கின்றன. மண்ணை அளைந்த கையைக் குழந்தை வாயில் வைத்தால் உள்ளே போய், புழுவின் இளம்பருவம் கல்லீரலிலும் சில சமயம் கண்ணிலும் கூடத் தங்கும். நாய்க்கு நேரந்தவறாமல் பூச்சி மருந்து கொடுப்பதுதான் இதற்குத் தடுப்பு. முடி கொட்டாத இனத்துக்கும் இந்தப் புழு உண்டு, குட்டிகளிடம்தான் அதிகம்.

வீசிங் பயம் இதைவிட ஆழமானது. ஆஸ்துமா இருக்கிற குடும்பத்துக்கு இது வெறும் பயமும் இல்லை. ஆனால் நாய் ஒவ்வாமையை உண்டாக்குவது முடி இல்லை. நாயின் எச்சில், தோல், சிறுநீர் ஆகியவற்றில் இருக்கும் சில புரதங்கள்தான் அதைச் செய்கின்றன. அவற்றில் முக்கியமானது கேன் எஃப் 1. நாய் தன் உடம்பை நக்கும்போது எச்சில் படிந்து காய்கிறது, தோலிலிருந்து உதிரும் பொடுகோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காற்றில் மிதக்கிறது, சுவரிலும் திரைச்சீலையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. நாயே வளர்க்காத வீடுகளின் தூசியிலும் பள்ளிக்கூட வகுப்பறைகளின் தூசியிலும் இந்தப் புரதத்தைக் கண்டிருக்கிறார்கள். எச்சில் ஊறாத நாய் கிடையாது, பொடுகு உதிர்க்காத நாயும் கிடையாது.

"ஆனாலும் முடி கொட்டாத இனத்தில் குறைவாகத்தானே இருக்கும்?" என்று கேட்பார்கள். அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, பச்சைக் குழந்தையும் ஒரே ஒரு நாயும் இருக்கிற 173 வீடுகளின் தூசியைச் சோதித்தது. ஒவ்வாமை தராதவை என்று பெயர் வாங்கிய இனங்கள் இருந்த வீட்டுக்கும் மற்ற இனங்கள் இருந்த வீட்டுக்கும் கேன் எஃப் 1 அளவில் வித்தியாசம் இல்லை. மறு வருடம் நெதர்லாந்தில் நாய்களின் முடியையே வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். பூடில், லாப்ரடூடில் போன்ற 'ஒவ்வாமை தராத' நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களின் முடியில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. வீட்டுக்குள் காற்றில் மிதந்த அளவிலும் அவற்றுக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

லாப்ரடூடில் பிறந்த கதையே இந்த வாதத்தை உடைக்கப் போதும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களை வளர்க்கும் அமைப்பில் வாலி கான்ரன் என்பவர் வேலை பார்த்தார். ஹவாயிலிருந்து பார்வையிழந்த ஒரு பெண் வழிகாட்டி நாய் கேட்டார், அவருடைய கணவருக்கோ நாய் ஒவ்வாமை. 1989 வாக்கில் கான்ரன் லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துவந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்றில் பிறந்த மூன்றில் இரண்டு ஒத்துவரவில்லை. அப்படியிருக்க, இனத்தின் பெயரைச் சொல்லி ஒரு நாய் உங்கள் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் என்று எந்த விற்பனையாளர் உறுதி கொடுக்க முடியும்? தான் தொடங்கி வைத்தது இப்படி ஒரு வியாபாரமாகிவிட்டதே என்று கான்ரன் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். அதற்குள் ஒபாமா குடும்பம் மூத்த மகளின் ஒவ்வாமையைச் சொல்லி 2009-இல் போர்ச்சுகீசிய நீர் நாய் ஒன்றை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்திருந்தது. ஒவ்வாமை தராத இனம் என்று ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை உலகமெங்கும் வீட்டு வரவேற்பறைகளில் ஊன்றிவிட்டது.

குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால் செய்ய வேண்டியது வேறு. ஒவ்வாமை நிபுணரைப் பார்த்து தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்துகொள்ளுங்கள். சிலருக்கு ஆண் நாயின் சிறுநீரில் வருகிற கேன் எஃப் 5 என்ற புரதம் மட்டுமே ஒத்துக்கொள்ளாது. அவர்கள் பெண் நாயோடு சிரமமின்றி வாழ வாய்ப்புண்டு. இந்த விஷயத்தில் நாயின் முடியைவிட அது ஆணா பெண்ணா என்பதுதான் முக்கியமாகிறது. பிறகு, கொண்டுவர நினைக்கிற அதே நாயோடு, அந்த ஒரு நாயோடு, சில மணி நேரங்களைப் பல முறை கழித்துப் பாருங்கள். ஒவ்வாமை எதுவும் இல்லாத குழந்தைக்கு முன்கூட்டியே பயப்படக் காரணம் குறைவு. ஸ்வீடனில் 2001 முதல் 2010 வரை பிறந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், பிறந்த முதல் வருடத்தில் நாயோடு வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா 13 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அதற்காக நாயை மருந்தாக வாங்கச் சொல்லவில்லை, ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தவும் பொருந்தாது. முடியைக் கண்டு நடுங்குவதற்கு அடிப்படை இல்லை என்பதற்காக மட்டுமே இதைச் சொல்கிறேன்.

இனி, யாரும் வாங்கும்போது கேட்காத கேள்வி: உதிராத முடி எங்கே போகிறது?

எந்த நாயின் முடியும் வளர்ந்து, ஓய்ந்து, விழும். லாப்ரடாருக்கும் நாட்டு நாய்க்கும் முடி கொஞ்ச தூரம் வளர்ந்ததும் நின்றுவிடும், பழையது விழும், புதியது வரும். பூடில், ஷிட்ஸு, மால்டீஸ் ஆகியவற்றுக்கு வளரும் காலம் மிக நீளம், அதனால் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும். விழுகிற கொஞ்சமும் தரைக்கு வராமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சீப்பு படாத இடத்தில் அது சிக்காகி, சிக்கு சடையாகி, சடை தோலை இழுக்க ஆரம்பிக்கும். நாய் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அக்குளில் இழுக்கும். நம் ஊரின் வேர்வைக் காற்றில் அந்தச் சடைக்கடியில் ஈரம் காயாது, ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம். தோல் வெந்து புண்ணாகிறது. உண்ணி அதற்குள் ஒளிந்துகொள்கிறது. குட்டை முடி நாயின் மேல் கையை ஓட்டினால் உண்ணி விரலில் படும், நீள முடி நாயின் மேல் அது கொழுத்துப் பெருக்கும்வரை தெரியாது. உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் நாள்தோறும் பார்க்கிற நோய். சரியான நேரத்தில் கவனிக்காவிட்டால் நாயைக் கொன்றுவிடும்.

ஆகவே முடி கொட்டாத நாய் என்றால் தினமும் சீப்பு பிடிக்க வேண்டிய நாய், நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்ட வேண்டிய நாய், கண்ணோரத்தையும் காதையும் அடிக்கடி துடைக்க வேண்டிய நாய். இந்த வேலையை யார் செய்வார்கள்? இரண்டு வயதுக் குழந்தைக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, தூங்க வைத்து, வேலைக்கும் போய்வரும் அம்மாதான். தரையில் விழும் முடியைப் பெருக்குவது ஐந்து நிமிட வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஒரு நாள் தவறினாலும் யாருக்கும் வலிக்காது. நாயின் மேல் தங்கிவிடும் முடியைச் சிக்கெடுக்கத் தவறினால் நாய்க்கு வலிக்கும். எளிது என்று சொல்லி விற்கப்படுவது இரண்டு வேலைகளில் கடினமானது.

வலிக்கிற இடத்தில்தான் குழந்தையின் கை வந்து விழுகிறது. இரண்டு வயதுக் குழந்தை தடவாது, பிடிக்கும். பிடித்ததை விடவும் தெரியாது. சடை பிடித்த முடியில், புண்ணான தோலில், அந்தப் பிடி விழும்போது நாய் என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்?

சிறிய உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். மால்டீஸ் மூன்று, நான்கு கிலோ இருக்கும். ஷிட்ஸு நான்கிலிருந்து ஏழு கிலோ. இரண்டு வயதுக் குழந்தை பதினொன்று, பன்னிரண்டு கிலோ. குழந்தை ஓடும்போது விழும், விழும்போது பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு விழும், சில சமயம் அதன் மேலேயே விழும். பொம்மையைத் தூக்குவது போல நாயைத் தூக்கும், கை வலித்ததும் அப்படியே விட்டுவிடும். பொம்மை அளவுக்குச் சிறுத்த இனங்களின் முன்னங்கால் எலும்பு பென்சில் கனம்தான். கையிலிருந்தோ சோபாவிலிருந்தோ விழுந்து மணிக்கட்டுக்கு மேலே முறிவது அவற்றுக்கு மிகச் சாதாரணமாக நடப்பது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் எலும்பு சேர்வதும் கடினம். ஷிட்ஸு, பக் போன்ற தட்டை மூஞ்சி நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை. கழுத்தை இறுக்கிப் பிடித்தாலோ பிடரியைப் பிடித்து இழுத்தாலோ கண்விழியே பிதுங்கி வெளியே வந்துவிடலாம். கால்நடை மருத்துவத்தில் இதை அவசர சிகிச்சையாக எடுத்துக்கொள்வார்கள், பல நேரம் பார்வை போய்விடும். குழந்தைக்கு அடிபடக் கூடாது என்று சின்ன நாய் வாங்குகிற குடும்பம், நாய்க்கு அடிபடும் என்பதை யோசிப்பதே இல்லை. நாயின் மேல் அக்கறை இல்லாதவர்கள்கூட யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஏனென்றால் அடிபட்ட நாய் கற்றுக்கொள்ளும்.

அது என்ன கற்றுக்கொள்கிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து வரும் சின்னக் கை என்றால் வலி. முதலில் விலகிப் போகும். குழந்தை பின்னாலேயே வரும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். வீட்டில் யாருக்கும் அது புரியாது, போன் எடுத்து வீடியோ பிடிப்பார்கள். பிறகு உறுமும். சின்ன நாய் உறுமினால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், "கோபத்தைப் பாரு" என்கிறார்கள். லாப்ரடார் உறுமியிருந்தால் அன்றைக்கே வீடு விழித்திருக்கும். சிரிப்பு அலுத்த பிறகு உறுமலுக்குத் திட்டும் அடியும் விழுகின்றன. எச்சரிக்கை செய்தும் பயனில்லை, செய்தால் அடி என்று ஆனபின் நாய்க்கு மிச்சமிருப்பது பல் ஒன்றுதான்.

சிறிய நாய் என்றால் சாது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடையாது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் இனவாரியாக மூர்க்கத்தை ஒப்பிட்டபோது, மனிதர்களிடம் சீறுவதில் முன்னால் நின்றவை டாக்ஸ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸல் டெரியர். மூன்றும் குட்டி நாய்கள். வியன்னாவில் 2010-இல் வெளியான ஆய்வு காரணத்தின் ஒரு பகுதியைக் காட்டியது. சிறிய நாய் வைத்திருப்பவர்கள் அதற்குக் குறைவாகப் பழக்குகிறார்கள், ஒரு நாள் அனுமதித்ததை மறுநாள் தடுக்கிறார்கள், அந்த நாய்கள் கீழ்ப்படியாமலும் பதற்றத்தோடும் வளர்கின்றன. நம் வீடுகளில் பொமரேனியன் வளர்த்த தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய நாய் கடித்தால் சேதம் பெரிது என்பார்கள். அது உண்மை, அதை நான் மறைக்கப் போவதில்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியதை இந்த ஊர் மறக்கவில்லை. நடக்கப் பழகும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ராட்வைலர் வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். துள்ளிக் குதிக்கும் ஒரு வயது லாப்ரடாரும் வாலை ஆட்டியே குழந்தையைக் கீழே தள்ளிவிடும். ஆனால் நாற்பது கிலோ ராட்வைலருக்கும் மூன்று கிலோ மால்டீஸுக்கும் நடுவே உலகத்து நாய்களில் பெரும்பகுதி இருக்கிறது. ஒரு பக்கத்துப் பயம் நம்மை நேராக மறுகோடிக்கு ஓட வைத்திருக்கிறது.

சின்னப் பல் சின்னக் காயம்தானே என்ற அலட்சியமும் உயிரோடு விளையாடுவது. சிறு குழந்தைகளைக் கடிப்பது தெரு நாய் மட்டுமில்லை, தெரிந்த நாயும்தான், வீட்டுக்குள்ளேயே, நாய் சாப்பிடும்போதோ படுத்திருக்கும்போதோ குழந்தை கிட்டே போகையில். குழந்தையின் உயரத்துக்கு நாயின் வாய் எட்டுவது முகத்தைத்தான். அதிலும் நாய்க்குத் தடுப்பூசி போடவில்லை என்றால், தோலில் ரத்தம் வராத சின்னக் கீறல் விழுந்தாலே ரேபிஸ் தடுப்பூசி தேவை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசி, ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் சேர்த்து. ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்கிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய்க்குட்டிக்கு ரேபிஸ் ஊசி போடுவதே மூன்று மாதத்தில்தான், ஆனால் கடைகளிலும் சந்தையிலும் கைமாறுவது முப்பது, நாற்பது நாள் குட்டி. எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் வருட நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. கேட்பாரில்லை. தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளி அலறுகிறது என்று கற்றுக்கொள்கிற வாரங்களில் அந்தக் குட்டி அட்டைப் பெட்டியில் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

"குட்டியாக வந்தால் குழந்தையோடு சேர்ந்தே வளரும்" என்ற ஆசை பெற்றோரிடம் மிக வலுவாக இருக்கிறது. அதைக் கலைப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கலைக்கத்தான் வேண்டும். குட்டிக்குப் பாற்பல் ஊசி போல இருக்கும், நாலைந்து மாதம் கண்டதையெல்லாம் கடிக்கும், குழந்தையின் கால்விரலும் அதில் அடக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே தூக்கிப் போக வேண்டும். கழிவறைப் பழக்கம் இல்லாத இரண்டு ஜீவன்களை ஒரே நேரத்தில் பழக்குவது எந்த வீட்டுக்கும் பெரும்பாடு. எல்லாவற்றையும்விட, இந்தக் குட்டி வளர்ந்து எப்படிப்பட்ட நாயாகும் என்பதை ஏழு வாரத்தில் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம் அதுதான்.

வளர்ந்த நாயிடம் அது தெரியும். இரண்டிலிருந்து ஐந்து வயது, பன்னிரண்டிலிருந்து இருபது கிலோ, குட்டை முடி, கருத்தடை செய்த பெண் நாய், ஏற்கெனவே குழந்தைகள் இருக்கிற வீட்டில் தற்காலிகமாகவாவது இருந்து பழகியது. நம் ஊரில் இந்த வர்ணனைக்குப் பொருந்துகிற நாய் எது என்று தேடினால், காலங்காலமாக நம் வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாயில்தான் போய் நிற்கிறோம். அதன் தோலும் முடியும் இந்த வெயிலுக்குப் பழகியவை. பக் இனத்தை 2003-இல் ஒரு செல்போன் விளம்பரம் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சித்திரை வெயிலில் மூச்சுக்குத் திணறும் அந்த நாய்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! தமிழ்நாடு அரசு 2024-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், பிரெஞ்சு புல்டாக் போன்றவற்றை இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கியது. ஆட்சேபம் எழுந்து அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு எப்படியானாலும் அந்த நாய்களின் மூச்சு மாறப்போவதில்லை. சிப்பிப்பாறை, கன்னி பற்றியும் கேட்கிறார்கள். வீட்டுக்குள் அமைதியான, சுத்தமான நாய்கள். ஆனால் தினமும் ஓட இடம் வேண்டும், ஓடும் எதையும் துரத்தும் ரத்தம் அவற்றுக்கு. மூன்றாவது மாடி வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

"நாட்டு நாய் முடி கொட்டுமே" என்பார்கள். கொட்டும். பெருக்கிவிடலாம். "அசோசியேஷன் சின்ன நாய்க்குத்தான் அனுமதி தரும்" என்பார்கள். நாயின் அளவைக் காட்டித் தடை போடக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அபார்ட்மென்ட்டில் அண்டை வீட்டாரைச் சண்டைக்கு இழுப்பது நாயின் அளவைவிட அதன் குரைப்புத்தான், அதில் குட்டி இனங்கள் யாருக்கும் சளைத்தவை இல்லை.

வேளச்சேரி புளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலும், மீட்ட நாய்களைத் தங்கள் வீட்டில் வைத்துப் பழக்குபவர்களிடமும் இப்படிப்பட்ட வளர்ந்த நாய்கள் காத்திருக்கின்றன. போகும்போது முதலில் குழந்தை இல்லாமல் போங்கள். தரையில் உட்காருங்கள், கூப்பிடாதீர்கள். தானாக வந்து உடம்பைத் தளர்த்திச் சாய்கிறதா? தடவுவதை நிறுத்தினால் இன்னும் கேட்கிறதா, விலகிப் போகிறதா? தட்டில் சாப்பிடும்போது பக்கத்தில் நடந்தால் விறைக்கிறதா? பாத்திரம் கீழே விழுந்து சத்தம் கேட்டால் துள்ளி எழுந்துவிட்டு உடனே அமைதியாகிறதா, வெகுநேரம் நடுங்குகிறதா? வைத்திருப்பவரிடம் இது யாரை, எப்போது, எதற்காக உறுமியிருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். "உறுமியதே இல்லை" என்பதைவிட "இந்த மாதிரி நேரத்தில் உறுமும்" என்ற பதிலை நான் நம்புவேன். அதன் பிறகு குழந்தையோடு போங்கள், ஒரு முறையோடு நிறுத்தாமல். கொண்டுவந்த பின்னும் சில வாரம் ஒத்திகையாக வைத்துக்கொள்ளக் காப்பகத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, பலருக்குப் பிடிக்காது. நிறைய வீடுகளுக்குச் சரியான பதில் "இப்போது வேண்டாம்" என்பது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சிறு குழந்தைகளிடம் நாய் முகங்களைக் காட்டிச் சோதித்தபோது, பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பல குழந்தைகள் சிரிக்கிற நாய் என்று சொன்னார்கள். மூன்று, நான்கு வயதிலேயே நிலைமை இது என்றால் இரண்டு வயதுக் குழந்தையிடம் எதை எதிர்பார்ப்பது? வீட்டில் எந்நேரமும் ஒரு பெரியவர் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றால், குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரை பொறுக்கலாம். பொறுப்பதால் குழந்தைக்கு எந்த இழப்பும் இல்லை.

ஏற்கெனவே ஷிட்ஸுவோ மால்டீஸோ வாங்கிவிட்டவர்களுக்கு: உங்கள் நாயைத் திருப்பிக் கொடுக்க நான் சொல்லவில்லை. அதன் முடியை உடம்பு முழுக்க ஒட்ட வெட்டிவிடுங்கள், அழகுக்காக நீளமாக விடாதீர்கள். குழந்தை தூக்க விடாதீர்கள், தரையில் உட்கார்ந்து உங்கள் கை மேல் தன் கையை வைத்துத் தடவப் பழக்குங்கள். குழந்தை நுழைய முடியாத ஓர் இடம் நாய்க்கு வேண்டும். சமையலறை வாசலில் ஒரு தடுப்புக் கதவு போட்டாலே போதும், நாயின் சாப்பாட்டையும் படுக்கையையும் அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள். உறுமினால் திட்டாமல் குழந்தையை எடுத்துக்கொண்டு நகருங்கள், அந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் காது, பல், கால் மூட்டு, சடைக்கடியில் இருக்கும் தோல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கோ வலிக்கிறது என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும்.